வரியும் மனச்சாட்சியும்

சட்டம் திறந்துவைத்த வழிகளால் வருமான வரியைக் குறைத்துக்கொள்வது அறமாகுமா? தண்ணீரூற்றில் ஆசிரியர் நால்வர் கூடினால் இவ்வினா எழாமற் போவதில்லை. ‘அது திட்டமிடல்’ என்பாரும் உளர். ‘ஏய்ப்பின் மறுபெயர்’ என்பாரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல என்பதே நம் கருத்து.

இலங்கையில் 2025 ஏப்ரல் முதல் தனிநபர் ஒருவரின் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபாவுக்கு வரியில்லை. அதற்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சத்துக்கு 6 வீதம்; பின்னர் படிப்படியாக 36 வீதம் வரை உயரும். கணவனும் மனைவியும் தனித்தனியே கணிக்கப்படுவர். சம்பளமாக 13 இலட்சமும் மாலை வகுப்புகளால் 10 இலட்சமும் பெறும் ஆசிரியருக்கு வரி 30,000 ரூபா. மாலை வகுப்பை வருமானமற்ற மனைவியின் பெயரில் எழுதிவிட்டாலோ, வரி ஒன்றுமில்லை! நாமும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டு. மனைவி உண்மையாகவே கற்பித்தால் அது அவர் உழைப்பின் ஊதியம். எவரும் குறைகூற இயலாது. பெயர் மட்டுமே அவருடையதாயின், அதனைத் திட்டமிடல் என்பது பொய்க்குப் பட்டாடை உடுத்துவதேயாகும்.

‘இந்த அரசு நமக்கு என்ன செய்தது, நாம் கொடுப்பதற்கு?’ என்று வன்னியிலே எழும் குரலை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2009இல் முடிந்த போரில் வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் திரும்பிவந்த மண் இது. ஆயினும், நாம் மறைக்கும் பணம் ஆட்சியாளரையா தண்டிக்கின்றது? 2019 இறுதியில் வருமான வரியும் பெறுமதி சேர் வரியும் பெரிதும் குறைக்கப்பட்டன. திறைசேரி வறண்டதற்கு அதுவும் ஒரு காரணம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென நாடு கைவிரித்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு காயவிடும் பெண்ணும் ஒரு சவர்க்காரக் கட்டிக்கு அதே 18 வீதத்தைச் செலுத்துகிறாள். அவளுக்கு நிவாரணமும் இல்லை, திட்டமிடலும் இல்லை.

நம் அயலில் ஒரு மூதாட்டி, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தை நிலையான வைப்பிலிட்டு அதன் சிறு வட்டியில் வாழ்கிறார். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வங்கியிலேயே பிடிக்கப்படுகின்றது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தை மீறாதோர் சுயபிரகடனம் கொடுத்தால் அப்பணம் பிடிக்கப்படாது. அவருக்கோ அது தெரியாது. ஆக, கணக்கறிந்தவன் கட்டவேண்டிய வரி தப்பிவிடுகின்றது; கணக்கறியாதவர் கட்டவேண்டாத வரி பிடிபட்டுவிடுகின்றது! வழக்கின் உயிர்நிலை இதுவே.

ஆகவே, சட்டம் எல்லோர்க்கும் பொதுவாகத் தந்த நிவாரணத்தைப் பெறுவது உரிமை. அதற்கப்பால் ஒரு வழியை நாடுமுன், நாம் இறக்கிவைக்கும் சுமை எவர் தோளில் ஏறும் என்று கேட்பது கடமை. 1945இல் பிறந்த இலவசக் கல்வியால் பட்டம் பெற்றவர்கள் நாம். நம் சம்பளமும் மக்களின் வரிப்பணமே. கொடுத்தவன் அரசிடம் நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்கலாம். மறைத்தவன் எந்த வாயால் கேட்பான்?

அந்த மூதாட்டியின் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். அன்று மாலையே, அதே மேசையில், நம் சொந்தக் கணக்கையும் உள்ளபடி எழுத உட்கார்ந்தோம்.