இலவசமா, ஹக்கா?

"சர்க்கார் சும்மா கொடுத்துக் கொடுத்து ஏழைகளைச் சோம்பேறிகளாக்கிவிட்டது" என்று அரசியல் மேடைகளில் பேசுகிறார்கள். நாமும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதையே சொல்கிறோம். உண்மைதானா என்று விசாரித்தோமா?

முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே குறைந்த கட்டணத்தில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளையை நாம் சோம்பேறி என்பதில்லை, பெருமைப்படுகிறோம். அதே அரசின் ரேஷன் அரிசியை வாங்கும் கூலிக்காரரை மட்டும் ஏன் இழித்துப் பேசுகிறோம்? ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலும் அவரும் வரி கட்டுகிறவரே!

பொருளியல் அறிஞர் அபிஜித் பானர்ஜியும் குழுவினரும் 6 நாடுகளின் 7 உதவித்தொகைத் திட்டங்களை ஆராய்ந்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். உதவி பெற்றவர்கள் உழைப்பைக் குறைத்துக்கொண்டதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை.

யாசகத்தை நம் மார்க்கம் விரும்பவில்லை, மெய்தான். விறகு சுமந்து விற்பதே மேல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஆனால், செல்வர் பொருளில் ஏழைக்கு ஹக் உண்டு என்கிறது திருக்குர்ஆன் (70:24, 25). அரசு வரி ஜகாத் ஆகாது. எனினும் தனக்குரியதைப் பெறுபவர் யாசகர் ஆகமாட்டார் என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

விசாரிக்காமல் ஏழையைப் பழிப்பது அவதூறு. அதைவிட்டும் நம் நாவுகளை அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.