சொல்வன்மையும் வாய்மையும்

பேசக் கற்பதற்கும் உண்மையாய் வாழக் கற்பதற்கும் தொடர்பு உண்டா? பேச்சுக்கலையைத் தனிப் பாடமாகப் பயிற்றும் கல்விக்கூடம் ஒவ்வொன்றும் விடையிறுக்க வேண்டிய வினா இது.

அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டு பேச்சாசிரியர் பதினெழுவர், ஆங்கில ஆசிரியர் அமைப்பினின்றும் பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். பேச்சுக்கலை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக வளர்ந்தது. அதனோடு சொற்போர்ப் பயிற்சியும் வளர்ந்தது. ஒரே மாணவன் ஒரு கருத்தைக் காலையில் ஆதரித்தும் மாலையில் மறுத்தும் வாதிடுவது அப்பயிற்சியின் வழக்கங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வழக்கம் 1954இல் பெரும் பூசலுக்கு இடமளித்தது. பொதுவுடைமைச் சீன அரசை அமெரிக்கா ஏற்க வேண்டும் என்பது அவ்வாண்டு கல்லூரிகளுக்குரிய பொதுத் தலைப்பு. அதனை ஆதரித்துத் தம் மாணவர் பேசுவதை விரும்பாத தரைப்படை, கடற்படைக் கல்விக்கூடங்கள் சொற்போரினின்றும் விலகி நின்றன. 1957இல் ரிச்சர்டு மர்பி என்னும் பேராசிரியர், மேடையில் ஒருவன் கூறுவது அவன் உள்ளம் ஏற்றதாகவே இருத்தல் வேண்டும் என எழுதினார். பட்லர் பல்கலைக்கழகத்து நிக்கலஸ் கிரைப் அதனை மறுத்து, இரு பக்கமும் வாதிடுதல் அறத்திற்கு மாறானதன்று என்றார்.

பொய் என்பது யாது? கேட்போரை ஏமாற்றும் நோக்கமே பொய்யின் உயிர். இராவணன் வேடம் புனைந்தவனைச் சீதையைக் கவர்ந்தவன் என்று எவரும் பழிப்பதில்லை. அது வேடம் என்பதை அவை அறியும். சொற்போர் மேடையும் அத்தகையதே. ஆகவே மாணவன் அங்குப் பொய்யன் ஆவதில்லை. எனினும் மர்பியின் அச்சத்தை முற்றும் புறந்தள்ளவும் இயலாது. எதனையும் நிறுவ வல்ல நா வாய்த்தவன், எதனையும் நம்பாத நெஞ்சினனாகவும் மாறிவிடக் கூடும். வேடம் கலைந்த பின்னும் முகம் மீளாமற் போவதே உண்மையான இழப்பு.

இவ்விழப்பு நேர்ந்தே தீரும் என்பதில்லை. டெக்சஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில், கறுப்பின மக்களின் கல்விக்காக 1873இல் தோன்றியது வைலிக் கல்லூரி. 2023இல் அது பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. அச்சிறிய கல்விக்கூடத்தில் ஆங்கிலமும் பேச்சுக்கலையும் கற்பித்தவர் கவிஞர் மெல்வின் டோல்சன். அவர்தம் மாணவர் 1935இல், நாட்டின் வாகையராய் விளங்கிய தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரைச் சொற்போரில் வென்றனர். நிறத்தால் மக்களைப் பிரித்த சட்டம் நிலவிய மண்ணில், எதிர்வாதத்தை நன்கறிந்திருத்தல் அம்மாணவர்க்கு விளையாட்டன்று, வாழ்வின் தேவை. டோல்சனிடம் பயின்ற ஜேம்ஸ் பார்மர், 1942இல் இனச் சமத்துவத்திற்கான இயக்கத்தை நிறுவியோருள் ஒருவரானார், 1961இல் பேருந்துகளில் நிலவிய நிறவேற்றுமையை எதிர்த்த விடுதலைப் பயணங்களுக்குத் தலைமை தாங்கினார், சிறையும் புகுந்தார். மறுபக்கத்தை ஆராயப் பழகிய அவ்வுள்ளம் தன் பக்கத்தை இழந்துவிடவில்லை; அதற்கான விலையையும் கொடுத்தது.

வள்ளுவர் வாய்மையை அறத்துப்பாலிலும், சொல்வன்மையைப் பொருட்பாலிலும் வைத்தார். இரண்டும் ஒன்றல்ல; ஆயினும் அறத்துப்பாலே முதலில் நிற்கின்றது. சொல்வன்மை மாற்றார் நெஞ்சில் புகுந்து பார்க்கும் ஆற்றலைத் தருகின்றது. புகுந்தவன் மீண்டு வந்து தன் நெஞ்சில் நிற்பதற்கு வாய்மை வேண்டும்.

எனவே, சொற்போர் பயிற்றும் ஆசிரியரின் கடமை, நடுவர் தீர்ப்புரைத்ததும் முடிந்துவிடுவதில்லை. வென்ற மாணவனையும் தோற்ற மாணவனையும் அருகழைத்து, “இரு பக்கமும் ஆராய்ந்தாய், இனி உன் பக்கம் எது? ஏன்?” என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு மாணவன் தயங்கித் தயங்கிக் கூறும் விடை, மேடையில் முழங்கிய சொற்களினும் மதிப்புடையது.