கற்றலும் நிற்றலும்

கற்க வேண்டுவன முற்றக் கற்றபின் அவ்வழி ஒழுகுவோம் என்பார் பலர். நூல்களுக்கு முடிவில்லை, ஆயுளுக்கோ முடிவுண்டு. ஆதலின் அவர் ஒழுகும் நாள் வருதல் அரிது. இக்குற்றத்திற்கு நூலாராய்ச்சி செய்யும் எம்போல்வாரே முதற்கண் ஆளாவர்.

தண்பொருநைக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய குமரகுருபர சுவாமிகள் இளமையிலேயே பெரும்புலமை எய்தியவர். தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகர் பெரியபுராணச் செய்யுளொன்றின் அனுபவப் பொருளை வினவ, சொற்பொருளில் வல்ல அவர் விடையின்றி நின்றனர் என்பது வரலாறு. அதன்பின் அவர் நாடியது பின்னுமொரு நூலன்று. தேசிகரையே ஞானாசிரியராகக் கொண்டு, காசி சென்று, மடம் நிறுவிச் சைவம் வளர்த்தனர்.

செயல் வினையாய்ப் பந்திக்குமன்றோ எனின், யான் எனது என்னும் முனைப்பொடு செய்வதே பந்திக்கும். முனைப்பற்று இறைபணியில் நிற்பாரை அது பற்றாதென்பது சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரக் கருத்து. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்பவற்றுள் கேட்டலிலேயே வாழ்நாள் போக்குவார், முதற்படியில் நின்று மாடத்தை வருணிப்பாரை ஒப்பர்.

கல்வியை விடுக என்பதன்று எம் கருத்து. சுவாமிகள் காசிக் கலம்பகமும் பாடினர். பணியில் நின்றார்க்குப் பாட்டும் பணியாயிற்று. இன்று தெளிந்த ஒன்றில் இன்றே நிற்பதே கற்றதன் பயன். அன்பர்கள் சிந்திப்பார்களாக.