கனவு அவத்தையும் காணியின் உருவும்

1924 இல் பாரிஸில் அந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட சர்ரியலிச அறிக்கை, கனவும் நனவும் ஒன்றிலொன்று கரையும் மேலான மெய்ம்மை ஒன்றைக் கலை எட்டவேண்டும் என்று கோரியது. அறிவின் காவல் தளரும்போது அடிமனம் தன் உண்மையைப் படிமங்களாக வெளியிடுகிறது என்ற பிராய்டின் கருத்து அக்கோரிக்கைக்குத் துணைநின்றது. யாழ்ப்பாணத்து நவீன ஓவியர் தா. சனாதனனின் (பி. 1969) ஆக்கங்களில் மனித உடல் நிலத்தோடும் வீட்டோடும் பிணைந்து உருமாறுவதைக் காண்போர்க்கு அவற்றையும் இம்மரபிலேயே வைத்து வாசிக்கத் தோன்றும். ஆயினும் கனவை நுணுகி ஆராய்ந்த சைவ சித்தாந்தம் யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லப்பட்டு வந்திருக்க, இவ்வோவியங்களை அதன் துணையின்றி வாசிப்பது பெரும் இழப்பாகும்.

உயிர் அடையும் நிலைகளைச் சித்தாந்தம் 'அவத்தை' என்று குறித்து, சாக்கிரம் (நனவு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (உறக்கம்), துரியம் (பேருறக்கம்), துரியாதீதம் (உயிர்ப்படங்கல்) என ஐந்தாக வகுக்கிறது. நனவில் 35 கருவிகளோடு தொழிற்படும் உயிர், கனவில் அறிபொறிகளாகிய ஞானேந்திரியம் ஐந்தும் தொழிற்பொறிகளாகிய கன்மேந்திரியம் ஐந்தும் நீங்கப்பெற்று 25 கருவிகளோடு கண்டத்தில் (தொண்டையில்) நிற்கும் என்பது அதன் கணக்கு. கண்ணும் செவியும் கையும் காலும் கழன்றுவிட்டாலும், அவற்றுக்கு உரிய ஒளியும் ஓசையும் கொடுத்தலும் நடத்தலும் எஞ்சிய 25 இல் அடங்கியே இருக்கின்றன என்பதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. அதாவது, காணும் பொறி இல்லாதபோதும் காட்சி இருக்கிறது. நடக்கும் கால் இல்லாதபோதும் நடை இருக்கிறது. பிரெத்தோன் கனவை நனவுக்கு மேலே ஏற்ற விரும்பினார். சித்தாந்தமோ அதனை நனவிலும் குறைந்த கருவிகளோடு உயிர் படும் அனுபவமாகக் கொள்கிறது. அதே வேளையில் மாயையை உள்பொருளாகவும் உலகை அதன் காரியமாகவும் கொள்ளும் இத்தத்துவம், கனவையும் வெறும் பொய்யென்று தள்ளிவிடுவதில்லை.

இலங்கைப் போரில் இடம்பெயர்ந்தவரின் நினைவிலுள்ள வீட்டுக்கு, பொறியின்றியும் காட்சி எஞ்சும் இக்கனவு நிலையைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணிகளை இழந்த வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி ஓரிரவில் வலிகாமத்தை விட்டுச் சென்றவர்களும் தத்தம் வளவைக் கண்ணால் காணவும் காலால் மிதிக்கவும் முடியாத நிலையில், முற்றத்தையும் கிணற்றடியையும் உள்ளே சுமந்து திரிந்தனர்.

குருநகரில் பிறந்த ஓவியர் அ. மாற்கு முதலியோர் யாழ்ப்பாணத்தில் வேரூன்றச் செய்த நவீன ஓவியத்தின் வழிவந்த சனாதனன், டெல்லியில் பயின்று திரும்பி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்துக்கொண்டே வரைந்தவர். ஓவியத்திலிருந்து, மக்களின் வீடுகளிலிருந்து சேகரித்த பொருள்களைக் கொண்டு அமைத்த நிர்மாணக் கலைக்கும், பின்னர் நூல் வடிவுக்கும் அவர் நகர்ந்தார். 2011 இல் வெளியான 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' அந்நகர்வின் உச்சம். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி அறவிடுவதற்காக எழுதிவைத்த காணிப் பதிவேடு. இந்நூலிலோ இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் இழந்த வீடுகளை நினைவிலிருந்து கீறிக்கொடுத்த 80 தரைப்படங்கள் உள்ளன. ஒவ்வொன்றோடும் கட்டடக் கலைஞர் அதனைத் திருத்தமாக வரைந்த படமும் சனாதனனின் உலர் பாஸ்டல் ஓவியமும் சேர்ந்துள்ளன. பழக்கமில்லாத கை இழுத்த கோடும், அளவுகோல் வைத்து இழுத்த கோடும், கனவின் சாயல் கொண்ட ஓவியமும் ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்துச் சாட்சி சொல்கையில், கனவு தனியே பறந்துபோக இடமில்லை. தரைப்படம் அதனை ஒரு குறித்த காணியோடு கட்டிவைக்கிறது. தனிமனித அடிமனத்தின் விடுதலையை நாடிய ஐரோப்பிய சர்ரியலிசத்திலிருந்து இவ்வாக்கம் பிரிந்து செல்வது இங்குதான்.

இதற்கு எதிராகச் சித்தாந்தத்தின் உள்ளிருந்தே ஒரு வினா எழலாம். வீடும் காணியும் பாசமாகிய கட்டைச் சேர்ந்தவையாயின், இழந்த வீட்டை மீண்டும் மீண்டும் வரைவது கட்டை இறுக்குவதாகாதா? இது எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று. ஆனால் தனு, கரணம், புவனம், போகம் எனப்படும் உடலும் கருவிகளும் இடமும் நுகர்பொருளும், ஆணவ இருளில் கிடக்கும் உயிர் அறிவு விளங்கப்பெறும்பொருட்டு இறைவன் மாயையிலிருந்து கூட்டித் தந்தவை என்றும், விடியும்வரை உதவும் விளக்கைப் போன்றவை என்றும் அந்நெறியே கூறுகிறது. பற்று நீங்குதல் வினைகள் ஒப்புநிலை எய்தும் பக்குவத்தால் உள்ளிருந்து நிகழ வேண்டியது. பக்குவம் வராத உயிரிடமிருந்து அதன் புவனத்தை எறிகணையும் முட்கம்பியும் பறித்துவிடுவதைத் துறவு என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. அங்ஙனம் பறிகொடுத்தவரிடம் பற்றை விடும்படி உபதேசிப்பது சமயமாகாது. பறித்த செயலுக்கு உடன்படுவதே ஆகும்.

தரைப்படங்களைக் கீறிக்கொடுத்தவர்கள் எல்லோரும் சைவர் அல்லர் என்பதால், சித்தாந்தம் இங்கு அவர்களுடைய நம்பிக்கையாக அன்றி வாசிக்கும் கருவியாகவே கையாளப்படுகிறது. அக்கருவி கொண்டு நோக்கும்போது சனாதனனின் ஓவியங்களை உலகை விட்டு விலகிய கற்பனை என்று சொல்ல இயலாது. பொறிகளிலிருந்து வலிந்து பிரிக்கப்பட்ட உலகம் தன் பொறிகளைத் திருப்பிக் கேட்கும் முறையீடுகள் அவை. அம்முறையீட்டை நினைவேக்கம் என்று பெயரிட்டு ஒதுக்கும் திறனாய்வு, ஓவியத்தையும் சமயத்தையும் ஒருங்கே தவறவிடுகிறது.