மொட்டை மாடி மறைப்பும் அண்டை வீட்டார் ஹக்கும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. வாப்பா கட்டிய வீட்டைப் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பாகம் விற்கப்பட்டு வேறொரு குடும்பம் குடிவருகிறது. கீழே நடுச்சுவர் எழும்பிவிட்டது. மேலே மொட்டை மாடி மட்டும் ஒன்றாகவே கிடக்கிறது. நடுவில் மூன்றடிக் கைப்பிடிச் சுவர் இருந்தால் அதுவே அதிகம்.

அந்த மாடியில்தான் துணி காய்கிறது, வடகம் காய்கிறது, ரமழான் பிறை பார்க்கப்படுகிறது. கரண்ட் இல்லாத இரவில் குடும்பமே அங்கேதான் படுக்கிறது. ஆனால் பக்கத்து மாடியில் ஆள் நடமாட்டம் கேட்டதும் நம் வீட்டுப் பெண்கள் பாதித் துணியை உலர்த்தியதோடு கீழே இறங்கிவிடுகிறார்கள். தன் சொந்த வீட்டின் ஒரு பகுதிக்கு அவர்கள் போக முடியவில்லை. அங்கே ஒரு மறைப்பு வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. பல இடங்களில் அந்தப் பேச்சு சண்டையில் முடிகிறது. "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்று ஒருவர். "என் மாடியில் நான் என்ன செய்தால் உனக்கென்ன?" என்று இன்னொருவர்.

ஒரு தட்டியை வைப்பதும் வைக்காததும் மார்க்கப் பிரச்சினையா என்று கேட்காதீர்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜிப்ரீல் (அலை) திரும்பத் திரும்ப வலியுறுத்தியதில், அவர்களுக்கு வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு இது பெரிய விஷயம்.

பார்வைக்கும் எல்லை உண்டு

வீட்டின் எல்லை செங்கல் சுவரோடு முடிவதில்லை. பிறர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டும் என்ற சட்டமே பார்வையின் காரணமாகத்தான் ஏற்படுத்தப்பட்டது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அப்படியானால் கால் உள்ளே போகாமல் கண் மட்டும் போனாலும் அனுமதியின்றி நுழைந்ததாகவே ஆகும்.

பார்வையைத் தாழ்த்தும் கட்டளை ஸூரத்துன் நூரில் முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது, 30ஆவது வசனத்தில். பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனம். எனவே, "உங்கள் பெண்களை மேலே வர வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வது வரிசையைத் தலைகீழாக்குவது. மறைக்கும் பொறுப்பு பார்க்கப்படுகிறவர் மீது மட்டும் சுமத்தப்பட்டதல்ல.

உமர் (ரலி) வைத்த அளவுகோல்

மிஸ்ரின் ஃபுஸ்தாத் நகரில் காரிஜா பின் ஹுதாஃபா (ரலி) அவர்கள் தம் வீட்டின் மேல் ஓர் அறை கட்டினார்கள். அதிலிருந்து அண்டை வீடுகள் தெரியும் என்ற செய்தி கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியது. வரலாற்று நூல்களில் வரும் ஓர் அறிவிப்பின்படி, உமர் (ரலி) அவர்கள் ஆளுநர் அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்களுக்கு ஒரு சோதனையை எழுதி அனுப்பினார்கள். அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையுமில்லாத ஒருவரை அதன்மேல் நிறுத்த வேண்டும். ஜன்னல் வழியே அவரால் வெளியே பார்க்க முடிந்தால் அறையை இடித்துவிட வேண்டும். சோதித்தபோது அவருக்கு ஜன்னல் எட்டவில்லை. அறை அப்படியே விடப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள். காரிஜா நல்லவரா கெட்டவரா என்று அங்கே விசாரணை நடக்கவில்லை. அவர் ஒரு ஸஹாபி. அளக்கப்பட்டது அவருடைய உள்ளம் அல்ல, கண்ணின் உயரம். மாடி மறைப்பு விஷயத்தில் நமக்கு வேண்டிய பாடம் இதுதான். மறைப்பு கேட்பவர் அண்டை வீட்டாரைக் குற்றம் சொல்லவில்லை. கேட்கப்படுகிறவரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தெரிகிறதா, தெரியவில்லையா? கேள்வி அவ்வளவுதான்.

தேவைக்கு மேல் மறைக்காதீர்கள்

உஸ்மானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி ஃபிக்ஹ் அடிப்படையில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்ற சட்டத்தொகுப்பு இதை நேரடியாகவே பேசுகிறது. சமையலறை, கிணற்றடி, முற்றம் போன்று பெண்கள் புழங்கும் இடம் தெரியும்படி புதிதாக ஜன்னல் வைப்பது பெரும் தீங்கு. அதை நீக்கும் பொறுப்பு ஜன்னல் வைத்தவருடையது. ஆனால் ஜன்னலையே அடைத்துவிடும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு சுவரோ பலகை மறைப்போ போதும். மரமேறிப் பழம் பறிக்கும்போது பக்கத்து வீடு தெரியுமானால், மரத்தை வெட்டச் சொல்லவில்லை. ஏறுமுன் குரல் கொடுத்துவிட்டு ஏறச் சொல்கிறது.

தீங்கு நீங்க வேண்டும். அதை நீக்குகிறேன் என்று இன்னொரு தீங்கைச் செய்யவும் கூடாது. மறைப்பு என்ற பெயரில் பத்தடி உயரத்துக்குத் தகரம் அடித்து, பக்கத்து வீட்டுக்கு வெயிலும் காற்றும் இல்லாமல் செய்கிறவர் பர்தாவைப் பேணவில்லை; பகையை உயர்த்திக் கட்டுகிறார்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், பொருள் வாங்கும் முன் பேசுங்கள். "காக்கா, உங்க வீட்டுப் பெண்களும் எங்க வீட்டுப் பெண்களும் நிம்மதியா மாடிக்கு வரணும். ஒரு மறைப்பு வைக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "உங்களால்" என்ற சொல் அந்தப் பேச்சில் வர வேண்டாம்.

உயரம், நிற்பவரின் கண்ணை மறைக்கும் அளவு. தளத்திலிருந்து ஆறடி பெரும்பாலும் போதும். பச்சை வலை மலிவு, காற்றும் வரும். ஆனால் இரவில் விளக்கு எரியும் பக்கம் இருட்டான பக்கத்திலிருந்து தெரிந்துவிடும். மூங்கில் தட்டி குளிர்ச்சி. ஓரிரு மழைக்காலத்தில் மாற்ற வேண்டிவரும். தகரம் முழுதாக மறைக்கும். புயல் காற்றில் பிய்ந்து யார் தலையிலாவது விழுந்தால் அந்தப் பொறுப்பு நம்முடையது. துளையுள்ள ஜாலிக் கல் நிலைத்து நிற்கும். அந்தப் பாரத்தைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டாக வேண்டும். பூந்தொட்டிகளும் கொடியும் அழகு. தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கக் கூடாது.

எதை வைத்தாலும், பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். உமர் (ரலி) அவர்களின் சோதனை இன்றும் செல்லும்.

அவருடைய சுவரில் ஆணி அடிப்பதானால் அனுமதி கேளுங்கள். நம் சுவரில் அவர் அடிக்கக் கேட்டால், அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்ற நபிமொழியை நினைத்துக்கொள்ளுங்கள். செலவு, புதிதாக மாடி எழுப்பியவருடையது. பழைய பொது மாடி என்றால் இருவருடையது. அவருக்கு வசதியில்லை என்றால் நாமே செய்துவிட்டு, சொல்லிக்காட்டாமல் இருப்போம்.

அண்டை வீட்டார் மாற்றுமதச் சகோதரராக இருந்தாலும் இதே உரிமைதான். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே கேட்டார்கள்.

மறைப்புக்குப் பின்னும்

தட்டியைக் கட்டிவிட்டு, சிசிடிவி கேமராவைப் பக்கத்து மாடியைப் பார்த்துத் திருப்பி வைத்தால் என்ன பயன்? பிள்ளைகள் செல்போனில் எடுக்கும் படத்தில் பக்கத்து வீட்டார் விழுகிறார்களா என்று கவனிக்கிறோமா? தட்டி காற்றில் விழும். அல்லாஹ்வின் அச்சத்தால் தாழ்ந்த கண்தான் விழாத மறைப்பு.

இன்னொன்று. அந்தக் குட்டைச் சுவருக்கு மேலாகத்தான் இரு வீட்டு உம்மாமார்களும் பேசிக்கொண்டார்கள். நோன்புக் கஞ்சிப் பாத்திரம் கைமாறியது. பார்வையை மறைக்கப் போய் அந்த உறவையும் மறைத்துவிடாதீர்கள். ஓர் ஓரத்தில் தாழ்ப்பாள் போட்ட சிறு கதவு ஒன்று வையுங்கள். அவசரத்துக்கு அது வழி, மற்ற நாளில், "லாத்தா, இருக்கீங்களா?" என்று தட்டி அழைக்க ஓர் இடம்.

யா அல்லாஹ்! எங்கள் குறைகளை மறைப்பவனே, பிறருடைய மானத்தை மறைத்துக் காக்கும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் அண்டை வீட்டார் எங்கள் கண்ணிலிருந்தும் நாவிலிருந்தும் நிம்மதி பெற அருள்வாயாக! ஆமீன்.