ஓரறிவுச் செடியும் நாலறிவுப் பூச்சியும்

வீட்டுக்குள் வளரும் மான்ஸ்டெராவின் இலையில் முதலில் கண்ணில் படுவது வெள்ளி பூசியது போன்ற ஒரு திட்டு. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது, வெயில் சுட்டுவிட்டது போலிருக்கிறது என்று பலரும் அதைக் கடந்துவிடுவார்கள். இலையைத் திருப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். நரம்பை ஒட்டி ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள், அவை எச்சம். அவற்றுக்கு நடுவே வெளிர்மஞ்சளில், நூலைக் கிள்ளிப் போட்ட மாதிரி மெல்லிய உயிர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். அவைதான் இலைப்பேனின் குஞ்சுகள். இந்தப் பூச்சிக்கு இடது தாடை மட்டுமே வளர்ந்திருக்கும். அதைக் கொண்டு இலையின் மேல்தோலைத் துளைத்து உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சும். சாறு போன செல்லில் காற்று நிரம்புவதால்தான் அந்த வெள்ளி நிறம்.

பூச்சியைக் கண்ட மறுநிமிடமே கை ஸ்பிரே பாட்டிலைத் தேடும். எதை அடிப்பது, எத்தனை மில்லி கலப்பது என்பதோடு பெரும்பாலான உரையாடல்கள் முடிந்துவிடுகின்றன. ஆனால் அதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வியை இந்திய மெய்யியல் மரபுகள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன: ஒரு செடிக்காக நூற்றுக்கணக்கான பூச்சிகளைக் கொல்வதற்கு நியாயம் எங்கிருந்து வருகிறது?

செடி விலைமதிப்பற்றது, பூச்சி அற்பமானது என்று யோசிக்காமலே எடுத்துக்கொள்கிறோம். பழைய கணக்கு நேர்மாறானது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. புல்லும் மரமும் தொடு உணர்வு மட்டுமே உள்ள ஓரறிவு உயிர்கள். எறும்புக்கு மூன்று, தும்பிக்கு நான்கு. சமணர்களின் அடிப்படை நூலான உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரமும் ஏறக்குறைய இதே ஏணியைத்தான் வைத்திருக்கிறது. இலைப்பேனின் பெயர் இந்த இரண்டு நூல்களிலும் இல்லை. ஆனால் கண்ணும் இறகும் உடைய பூச்சியை அந்த ஏணியில் தும்பியின் பக்கத்தில்தான் நிறுத்த முடியும். அப்படியானால் ஜன்னலோர மான்ஸ்டெராவுக்காக மருந்தடிப்பவர் ஓரறிவு உயிர் ஒன்றைக் காப்பாற்ற நாலறிவு உயிர்கள் பலவற்றைக் கொல்கிறார். ‘செடியைக் காப்பாற்றத்தானே’ என்ற சமாதானம் இங்கே நிற்கவில்லை.

அந்த ஏணியைப் பழங்காலக் கற்பனை என்று ஒதுக்கிவிடலாமா? அப்படி ஒதுக்குவதற்கு நவீன உயிரியல் துணை வரவில்லை. உலகெங்கும் பசுமைக்குடில்களில் தொல்லை தரும் மேற்கத்திய மலர் இலைப்பேனின் குஞ்சு, எதிரி நெருங்கும்போது வயிற்று நுனியைத் தூக்கி ஒரு துளி திரவத்தைக் கசியவிடும். அதன் வாசனை எட்டியதும் அருகிலிருக்கும் மற்றக் குஞ்சுகள் விலகி நகரும். ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்களில் முடிச்சு போன்ற கூடுகளுக்குள் வாழும் சில இலைப்பேன் இனங்களில், கூட்டைக் காக்கவென்றே பருத்த முன்னங்கால்களுடன் காவலர்கள் இருப்பதை 1992இல் பெர்னார்ட் கிரெஸ்பி வெளியிட்டார். இவற்றால் மட்டும் இலைப்பேனுக்கு வலி தெரியும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2024 ஏப்ரலில் வெளியான விலங்கு உணர்வு பற்றிய நியூயார்க் பிரகடனம், பூச்சிகள் உட்பட முதுகெலும்பற்ற பல உயிர்களுக்கு உணர்வனுபவம் இருக்க மெய்யான சாத்தியம் உண்டு என்றது. சாத்தியம் இருக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுப்பது பொறுப்பாகாது என்பதே அதன் சாரம்.

கொல்லாமையை வேறெவரையும்விட இறுக்கமாகப் பிடித்த சமண மரபு, அன்றாட வாழ்க்கையைப் பார்க்க மறுக்கவில்லை. இல்லறத்தார் செய்யும் இம்சையை அது நான்காகப் பிரிக்கிறது: கொல்லும் எண்ணத்தோடு செய்வது, சமையல், துப்புரவு போன்ற வீட்டு வேலைகளில் நேர்வது, பிழைப்புக்கான தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தார் அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். துறவிக்கு நான்குமே கூடாது.

இந்தப் பிரிவினை ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களின் தமிழ்ச் சமணர்கள் சாட்சி. அவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். ஏர் பூட்டினால் மண்ணில் உயிர்கள் சாகும் என்று தெரிந்தே உழுதவர்கள். நெல் நாற்றங்காலிலும் இலைப்பேன் உண்டு. நாற்றின் நுனி உள்பக்கமாகச் சுருண்டு ஊசி போல் காய்ந்துவிடும். வேளாண் துறையினர் சொல்லித்தரும் சோதனை எளிமையானது. உள்ளங்கையை நனைத்துக்கொண்டு நாற்றின் மேல் தடவ வேண்டும். கையில் ஒட்டும் பூச்சிகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அடுத்த நடவடிக்கை. அதிலும் நாற்றைத் தண்ணீரில் மூழ்கவிடுவது ஒரு வழி. அந்த அளவுக்குப் பொருளாதாரச் சேதநிலை என்று பெயர். செலவைக் குறைக்க வந்த விதிதான். ஆனால் அதற்குள் ஓர் அறமும் இருக்கிறது: பூச்சி கண்ணில் பட்டதே கொல்வதற்குக் காரணமாகாது, சேதம் நிரூபிக்கப்பட வேண்டும்.

வீட்டுச் செடி வளர்ப்பவரிடம் இந்த அளவுகோல் கிடையாது. அவர் பிழைப்புக்காகக் கொல்லவில்லை. மான்ஸ்டெரா வாடினால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. 2021இல் தெலங்கானா, ஆந்திர மிளகாய் வயல்களைப் புதிய இலைப்பேன் இனம் ஒன்று பாழாக்கியபோது விவசாயிகளுக்கு இருந்த நெருக்கடி, அலமாரியில் நிற்கும் அழகுச் செடிக்கு இல்லை. உழவரின் கட்டாயத்தை இரவல் வாங்கி வரவேற்பறையில் பயன்படுத்துவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு.

இந்த இடத்தில் காந்தியின் நேர்மை உதவுகிறது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் துடித்த கன்று ஒன்றை ஊசி போட்டு உயிர்விடச் செய்தார். நாடெங்குமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அதே விவாதத்தில், ஆசிரமத் தோட்டத்தை நாசப்படுத்திய குரங்குகளைப் பற்றியும் எழுதினார். கன்றின் உயிரை முடித்தது அதன் நலனுக்காக. குரங்கைக் கொன்றால் அது மனிதரின் நலனுக்காக. ஆகவே தவிர்க்க முடியாமல் போனாலும் அது இம்சையே என்று இரண்டையும் பிரித்து வைத்தார். தேவை இருப்பதால் ஒரு செயலின் பெயர் மாறிவிடாது என்ற இந்தத் தெளிவு இலைப்பேனுக்கும் பொருந்தும்.

பௌத்தம் எடையை எண்ணத்தின் மேல் வைக்கிறது. உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் நோக்கம் வேண்டும், முயற்சி வேண்டும், சாவு நேர வேண்டும் என்று கொலைக்கு ஐந்து கூறுகளைத் தேரவாத உரைகள் வகுக்கின்றன. மருந்தடிப்பவரிடம் ஐந்தும் கச்சிதமாகக் கூடியிருக்கின்றன. தெரியாமல் மிதித்த எறும்பின் கணக்கு வேறு. அதற்காகப் பௌத்தம் தெரியாமையைப் புகலிடமாக விட்டுவிடவில்லை. பிக்குவின் எட்டு உடைமைகளில் நீர் வடிகட்டும் துணியும் ஒன்று. தண்ணீரில் உயிர் இருக்கக்கூடும் என்று தெரிந்தவர் வடிகட்டித்தான் ஆக வேண்டும்.

சமண ஆசாரியர் குந்தகுந்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அவர் பாதங்களைத் தமிழ்ச் சமணர் வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் வணங்குகிறார்கள். பிரவசனசாரத்தில் அவர் நிறுவும் கருத்து இது: உயிர் செத்தாலும் பிழைத்தாலும், கவனமின்றி நடப்பவர் இம்சை செய்தவரே, கவனத்தோடு நடப்பவரை நேர்ந்துவிட்ட சாவு மட்டும் பிணைப்பதில்லை. இப்படிப் பார்த்தால் கேள்வி ஸ்பிரே பாட்டிலை எடுக்கும் தருணத்திலிருந்து பல வாரங்கள் பின்னால் போய்விடுகிறது. செடியை வாங்கி வந்த நாளில் இலையின் அடிப்பக்கத்தை யாராவது பார்த்தார்களா?

அதைப் பேசுவதற்கு முன், ‘இயற்கை’ வழிகள் தரும் நிம்மதியைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின், குஞ்சு தோலுரிப்பதைக் கெடுத்து அதை மெல்ல முடிக்கிறது. சோப்புக் கரைசல் பூச்சியின் மேலுறையைச் சிதைக்கிறது. ஸ்பினோசாட் மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது, நரம்பைத் தாக்குகிறது. நீல ஒட்டும் அட்டையில் மாட்டிய பூச்சி ஒட்டிய இடத்திலேயே துடித்துச் சாகிறது. இலைப்பேன் குஞ்சுகளை உறிஞ்சித் தின்னும் சிலந்திப்பேன்களைப் பொட்டலமாக வாங்கிச் செடியில் தொங்கவிடும் முறை பல நாடுகளில் இருக்கிறது. அதில் கை சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். சமணம் அதற்கும் இடம் தரவில்லை: தானே செய்வது, பிறரைச் செய்ய வைப்பது, செய்ததை ஆமோதிப்பது மூன்றும் ஒரே கணக்கில்தான் ஏறும். மண்ணுக்கும் நீருக்கும் தேனீக்கும் எது குறைந்த கேடு என்று ஒப்பிட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பது அவசியம். ஆனால் ஆர்கானிக் என்ற சொல் இலைப்பேனின் சாவை ரத்து செய்யாது.

அப்படியானால் அப்படியே விட்டுவிடலாமா? அதுவும் ஒரு முடிவுதான், அதற்கும் விளைவு உண்டு. திறந்தவெளியில் மழை அடித்துக் கழுவும், இரைதேடும் பூச்சிகள் எண்ணிக்கையைப் பிடித்து வைக்கும். நான்கு சுவருக்குள் இரண்டும் இல்லை. பூச்சி திடீரெனப் பெருகக் காரணமே வீடுதான். வெதுவெதுப்பான அறையில் முட்டை முதல் முதிர்ந்த பூச்சி வரை இரண்டு, மூன்று வாரங்களில் முடிந்துவிடும். மேற்கத்திய மலர் இலைப்பேனில் இணை சேராத பெண் இடும் முட்டைகளும் ஆணாகப் பொரிக்கும். இன்று பத்தாக இருப்பதைத் தயக்கத்தால் விட்டவர் அடுத்த மாதம் நூற்றுக்கணக்கில் கொல்ல நேரும், அல்லது செடியோடு எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்ப நேரும். கருணை என்று நினைத்துச் செய்த தாமதம் சாவைப் பெருக்கிவிடுகிறது.

ஆகவே இந்த விஷயத்தில் கொல்லாமை வாழும் இடம் சலிப்பூட்டும் சின்ன வேலைகளில் இருக்கிறது. புதிதாக வந்த செடியை இரண்டு, மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வைப்பது. வாரம் ஒருமுறை வெள்ளைத்தாளின் மேல் இலையைத் தட்டி, விழும் துணுக்குகளில் ஏதாவது நகர்கிறதா என்று பார்ப்பது. குழாயடியில் இலையின் இருபக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது. முட்டை இலைத் திசுவுக்குள் செருகப்பட்டிருப்பதால் அதிகம் தாக்கப்பட்ட இலைகளை ஆரம்பத்திலேயே கிள்ளிவிடுவது. கடைசிப் பருவங்கள் பெரும்பாலும் தொட்டி மண்ணில் கழிவதால் மேல்மண்ணை மாற்றுவது. இவற்றிலும் உயிர்கள் போகும். போகிறவை மிகக் குறைவு. இதற்குப் பிறகும் மருந்து தேவைப்பட்டால், தாக்கிய செடிக்கு மட்டும், முட்டை பொரிக்கும் இடைவெளியைக் கணக்கிட்டு, சொன்ன அளவில் அடித்து நிறுத்த வேண்டும். கண்டபடி திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சிக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிடுகிறது; ஸ்பினோசாடுக்கே அசையாத இலைப்பேன் கூட்டங்கள் பதிவாகியிருக்கின்றன. கவனமில்லாத கொலை அடுத்த கொலைக்கு வழிவிடும் என்பது இங்கே உயிரியலாகவே நடக்கிறது.

ஆமோதிப்பதும் இம்சை என்ற விதி வீட்டு வாசலோடு நின்றுவிடாது. நர்சரியில் ஒரு கீறல்கூட இல்லாத இலையைத் தேடித் தேடி எடுக்கும் வழக்கம், வாங்குபவர் கண்ணில் படாத இடத்தில் மருந்தடிப்பைக் கூட்டத் தூண்டுகிறது. செடி வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் பங்கு அவர் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது. பூச்சி போய்ப் பழைய வடு மட்டும் நிற்கும் இரண்டு இலைகளோடு ஒரு செடியை வாங்க அவர் சம்மதித்தால், பண்ணைக்காரருக்கு ஒரு சுற்று மருந்தைத் தவிர்க்கத் துணிவு வரும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்க்க நேரமில்லாதவர் பத்துத் தொட்டி வைக்காமல் இரண்டோடு நிறுத்திக்கொள்வதும் இதே கணக்கில்தான் சேரும்.