மாசும் மறுவும்

பழங்காசு ஒன்றைக் கையில் எடுப்பவரின் கண் முதலில் எங்கே செல்கிறது? மன்னரின் உருவத்தின் மீதா? பொறித்த ஆண்டின் மீதா? பெரும்பாலும் அதன் மேனியில் உள்ள கரும்புள்ளியின் மீதே செல்கிறது. சிறு குறை பெரு நிறைவை மறைத்துவிடும் இவ்வியல்பு, மனிதரை மனிதர் மதிப்பிடும் இடத்திலும் காணப்படுவதே.

மலாயாவில் வழங்கிய சதுர ஒரு காசினைச் சான்றாகக் கொள்ளலாம். 1939 முதல் 1941 வரையிலான ஆண்டுகளைத் தாங்கி, ஒருபுறம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையுடன் வெளிவந்த வெண்கலக் காசு அது. அச்சடித்த புதிதில் செந்நிறமாக ஒளிரும், நாளடைவில் பழுப்பேறும். அப்பழுப்பு வெண்கலத்தின் இயல்பான முதுமை. கரும்புள்ளியோ வேறு வகையினது. ஈரமோ உப்போ ஓரிடத்தில் தங்கினால் அவ்விடம் மட்டும் கறுத்துவிடும். காசின் மேல் குனிந்து பேசியவர் வாயிலிருந்து தெறித்த எச்சில் துளியும் அதற்குப் போதும். செய்தவர் ஒருவர், வடுவைச் சுமப்பது காசு.

அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் பெரிய செப்புக் காசுகளுக்கென 1949இல் 70 மதிப்பெண் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். பிற்காலத்தில் அது பிற நாணயங்களுக்கும் பரவியது. அதன்படி, புழக்கத்தில் தேயாத காசு 60க்குக் குறையாது. தேயாத காசில் புள்ளி இருப்பின், அது 60க்குக் கீழே தள்ளப்படுவதில்லை. ஆயினும் உச்ச மதிப்பெண் அதற்கு எட்டாது. புள்ளி எங்கே உள்ளது என்பதும் நோக்கப்படுகிறது. மன்னரின் கன்னத்தில் விழுந்த புள்ளி கண்ணை உறுத்தும். எழுத்துகளுக்கிடையே ஒதுங்கியது அவ்வளவாக உறுத்தாது. தேய்மானம் வேறு, தோற்றம் வேறு எனப் பிரித்தறிந்து, பின் இரண்டையும் சேர்த்து எடைபோடுவதே தேர்ந்தவர் முறை. குணமும் குற்றமும் ஆராய்ந்து மிகுதியைக் கொள்ளுமாறு வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவே அன்றோ?

இனி, புள்ளியைத் தேய்த்துப் போக்கினால் என்ன? புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் காசு பளபளக்கத்தான் செய்யும். ஆனால் புள்ளியோடு அதன் பழைய மேனியும் போய்விடும். நுண்ணிய கீறல்களே எஞ்சும். அதனைப் புதுக்காசென விற்பவர் வாங்குபவரை ஏமாற்றுகிறார். தரம் பார்க்கும் நிறுவனங்களும் அத்தகைய காசுக்கு வழக்கமாக மதிப்பெண் வழங்குவதில்லை. துலக்கப்பட்டது என்ற குறிப்பையே இடுகின்றன. புள்ளியுடைய காசுக்கு ஓர் எண் உண்டு. புள்ளியை மறைத்த காசுக்கு அதுவும் இல்லை.

அவ்வாறாயின் எல்லாக் கறையையும் பொறுத்துக்கொள்வதா? அதுவும் தவறே. சிலவகை நெகிழி உறைகளில் நெடுநாள் கிடந்த காசின் மீது பசையுள்ள பச்சைப் படலம் தோன்றும். காக்க வந்த உறையே காசை அரிக்கும் நிலை அது. அதனை அசிட்டோனில் தோய்த்து உடனே நீக்குதல் வேண்டும். தாமதித்தால் உலோகமே உண்ணப்பட்டுவிடும். அரித்துக்கொண்டே செல்வது மாசு. அரித்து முடிந்து அமைதியுற்றது மறு. மாசினை நீக்காமை கடமை தவறுதல். மறுவைச் சுரண்டுதல் கொடுமை.

மதிப்பெண் இடும் கை ஆசிரியருக்கும் உண்டு. ஒரு மாணவன் என்றோ செய்த பிழை அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டு வகுப்புதோறும் தொடர்வதுண்டு. அப்பிழை இன்னும் அவனை அரிக்கிறதா, அல்லது ஆறிய வடுவா என்று ஆராயாமல் இடும் மதிப்பெண், காசின் புள்ளியை மட்டுமே கண்டு அதன் ஆண்டைப் படிக்க மறந்தவர் செய்யும் மதிப்பீட்டினும் கொடியது. காசு தன்மேல் இட்ட விலையை அறியாது, மாணவன் அறிவான்.